செம்மண்ணில் அழித்த தடம்

வாணியம்பாடி
3-7-2023

அன்புள்ள ஷோபனாவுக்கு,

ஷாஸியா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டாரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். பக்ரீத் முடிந்து நான்கு நாள் ஆகிறது. இங்கே அப்பாவைத் தவிர எல்லோரும் சுகம்.

டென்னிஸ் சங்கத்திலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. ஜனவரியில் பழைய ஆட்டக்காரர்களைக் கௌரவிக்கப் போகிறார்களாம். பட்டியலில் முதல் பெயர் உன்னுடையது: 'ஷோபனா, 2007 மாநிலச் சாம்பியன். தற்போது புதூர்நாட்டில் அரசுப் பணி.' என் பெயர் கீழே, 'இரண்டாம் இடம்' என்று. உன் போன் நம்பரும் இருந்தது. மூன்று நாள் முயன்றேன், மலைமேல் மணி அடிக்கவே இல்லை. அதுவும் நல்லதுதான். பதினாறு வருடம் பேசாத இரண்டு பேர் போனில் முதல் வார்த்தைக்கே திண்டாடியிருப்போம்.

வேலூர் இறுதி ஆட்டம் முடிந்த ஆறாம் மாதம் எனக்குக் கல்யாணம். கணவர் அஸீம், ஷூ மேல்பாகம் தைக்கும் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு பிள்ளைகள். ராக்கெட்டை மறுபடி தொடவில்லை. அம்மா போன பிறகு அப்பா என்னோடுதான் இருக்கிறார்.

அவர் தோல் மண்டியில் தரம் பிரிப்பவர் என்பது உனக்கு நினைவிருக்கும். ஊசி முனை அளவு கத்தி வெட்டு இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார். போன வருடம் அவர் முதல் தரம் என்று ஒதுக்கிய தோல்கட்டு ஒன்றில் பாதி வெட்டோடு திரும்பி வந்தது. சர்க்கரை விழித்திரையைத் தின்றுவிட்டதாக வேலூர் டாக்டர் சொன்னார். இடது கண் முழுவதும் போய்விட்டது. வலது கண்ணில் ஓரம் மட்டும் தெரிகிறது.

உன் அப்பா ராஜாக்கண்ணு எப்படி இருக்கிறார்? பதில் எழுது.

அன்புடன்,
ஷாஸியா


புதூர்நாடு
20-7-2023

அன்புள்ள ஷாஸியா,

உறையின் மேல் உன் கையெழுத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. நான் நலம். உன் அப்பாவின் கண்ணைப் பற்றிப் படித்து வருத்தப்பட்டேன். மருந்தை விடாமல் கொடு.

இங்கே சாலை வளைவில் ஒரு புளியமரத்தடியில் மட்டும்தான் போன் எடுக்கும். தபால் ஜீப்பில் வரும். இந்த மாதம் முழுவதும் பலாப்பழம். பக்கத்து வீட்டு சுந்தரம்மாள் தினமும் ஒரு பழத்தைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு, "துண்ணாட்டி மாட்டுக்குப் போடு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

என் கணவர் குணசீலன் போளூரில் இருக்கிறார். சனிக்கிழமை நான் கீழே இறங்குவேன். இந்த மலை யாரும் மாற்றல் கேட்காத இடம், நானாகக் கேட்டு வாங்கியது.

என் அப்பா 2019-இல் இறந்துவிட்டார். சந்தவாசலில், சொந்த ஊரில்தான். கடைசி வாரம் வரை போளூர் கிளப் மைதானத்துக்கு அவர்தான் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

ஷோபனா


வாணியம்பாடி
2-8-2023

அன்புள்ள ஷோபனா,

உன் அப்பா இறந்தது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருப்பேன். நூல் கட்டி, குந்தி உட்கார்ந்து அவர் கோடு போடுவது கண்முன் நிற்கிறது. நாங்கள் நலம், அப்பா அப்படியேதான். உனக்குக் காய்ச்சல் சளி எதுவும் இல்லையே?

முதல் கடிதத்தில் கேட்க நினைத்ததைக் கேட்காமல் விட்டேன். இப்போது கேட்கிறேன்.

நமக்குள் அதுவரை பதினெட்டு ஆட்டம். உனக்கு ஒன்பது, எனக்கு ஒன்பது. வேலூரில் நடந்தது பத்தொன்பதாவது. முந்தின நாள் மழை பெய்ததால் இரண்டு இறுதி ஆட்டங்களைப் பக்கத்துப் பக்கத்து மைதானத்தில் ஒரே நேரத்தில் வைத்தார்கள். இரண்டுக்கும் ஒரே நடுவர். அதனால் அவரவர் பக்கத்தில் விழும் பந்துக்கு அவரவரே 'அவுட்' சொல்ல வேண்டும். சந்தேகம் என்றால் செம்மண்ணில் பந்து பதிந்த தடத்தை நடுவர் வந்து பார்ப்பார். அதற்குள் தடத்தை அழித்தவர் அந்தப் பாயிண்டை இழப்பார். இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்காக வரிசையாக எழுதிப் பார்க்கிறேன்.

நாம் இரண்டு பேரும் நடுவரைக் கூப்பிட்டதே இல்லை. பதின்மூன்று வயதில் திருப்பத்தூரில் ஒரு தடத்துக்காகச் சண்டை போட்டு, ஆட்டம் நின்று, பஸ் ஸ்டாண்டில் பன்னும் டீயும் சாப்பிட்டுக்கொண்டே பேசி முடித்தோம். 'உன் பக்கம் உன் பேச்சு.' அதன் பிறகு ஒருவர் தடத்தை ஒருவர் எட்டிப் பார்த்ததில்லை.

வேலூரில் மூன்றாவது செட். ஐந்துக்கு நான்கு, உனக்கு அட்வான்டேஜ், இன்னும் ஒரு பாயிண்டில் உனக்குப் பட்டம். நான் அடித்த பந்து உன் பின்கோட்டு மூலையில் விழுந்தது. நீ 'அவுட்' என்றாய். ஆட்டம் முடிந்தது. அப்பா அந்த மூலைக்கு நேராக, சுவர் ஓரம் உட்கார்ந்திருந்தார். எழுந்து, "உள்ள! கோட்டு மேல கீது!" என்று கத்தினார். நடுவர் வந்து, தடத்தைப் பார்க்க வேண்டுமா என்று என்னைக் கேட்டார். வேண்டாம் என்றேன்.

நான் வேண்டுமென்றே விட்டுக்கொடுத்ததாக அப்பா நினைத்தார். திரும்பும் பஸ்ஸில், "உனக்கே வேணாம்னா எனக்கு இன்னா?" என்றார். வீட்டுக்கு வந்து ராக்கெட்டைப் பரணில் போட்டார். அத்தோடு எல்லாம் முடிந்தது.

இப்போது அவர் வேறு சொல்கிறார். "அன்னிக்கே என் கண்ணு பூட்சிபோல. வெளிய வுழுந்தத உள்ளன்னு கத்தினேன். அப்பருந்து எத்தினி தோல தப்பாப் பாத்தனோ." நாற்பது வருடம் பார்த்த வேலையையே சந்தேகப்படுகிறார். மண்டியில் பழைய ஆட்கள் பார்க்க வந்தால் எதிரே வருவதில்லை.

ஷோபனா, பந்து எங்கே விழுந்தது? அவருக்கு ஒரு வரி எழுதுவாயா?

அன்புடன்,
ஷாஸியா


புதூர்நாடு
25-9-2023

அன்புள்ள ஷாஸியா,

தாமதத்துக்கு மன்னிக்கவும். மண் சரிந்து பத்து நாள் பஸ் வரவில்லை. இப்போது சாமை அறுப்பு நடக்கிறது. மழையில் இருமல் பிடித்தது, இப்போது தேவலை. உன் பாஷா அப்பாவை நான் கேட்டதாகச் சொல்.

நீ கேட்டது பதினாறு வருடத்துக்கு முந்தின விஷயம். அன்று காற்று அதிகம், புழுதி பறந்தது. சரியாக நினைவில்லை.

மதுரையில் விழித்திரைக்கு நல்ல வைத்தியம் இருப்பதாக அலுவலகத்தில் சொன்னார்கள். விசாரித்து விவரம் அனுப்பட்டுமா?

ஷோபனா


வாணியம்பாடி
5-10-2023

ஷோபனா,

இருமல் நின்றது நல்லது. மதுரைக்கும் போய் வந்துவிட்டோம். அங்கேயும் அதையேதான் சொன்னார்கள்.

முந்தின நாள் மழை. மண் ஈரம். அன்று புழுதி பறக்கவில்லை.

நான் கவனித்தது இன்னொன்றும் உண்டு. நீ 'அவுட்' சொன்ன கையோடு ஷூவால் அந்த இடத்தைத் தேய்த்தாய். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

ஷாஸியா


வாணியம்பாடி
20-11-2023

அன்புள்ள ஷோபனா,

ஒன்றரை மாதமாகப் பதில் இல்லை. மலைமேல் மழை என்று பேப்பரில் பார்த்தேன். நீ பத்திரமாக இருக்கிறாயா? அதை மட்டுமாவது எழுது.

நேற்று அஸீம் பட்டறையிலிருந்து ஓர் ஆட்டுத் தோலைக் கொண்டுவந்து அப்பா மடியில் போட்டார். கண்ணால் முடியாவிட்டாலும் கையால் பார்க்கட்டும் என்றுதான். அவர் கட்டைவிரல் தடவினாலே வெட்டும் உண்ணித் தழும்பும் தனித்தனியாகத் தெரிந்துவிடும். அப்பா தொடவில்லை. "எட்துனு போப்பா. நான் சொன்னா யார் நம்புவா? நானே நம்ப மாட்டேன்" என்றார்.

வலது கண்ணும் இந்த வருடத்துக்குள் போய்விடும் என்கிறார்கள்.

நான் உன் சாம்பியன் பட்டத்தைக் கேட்கவில்லை. அதில் கிடைத்த வேலையைக் கேட்கவில்லை. அவருக்குத் தன் கண் வேண்டும். அது உன்னிடம் இருக்கிறது.

ஷாஸியா


புதூர்நாடு
10-12-2023

அன்புள்ள ஷாஸியா,

பத்திரமாக இருக்கிறேன். மழை விட்டுப் பனி ஆரம்பித்துவிட்டது. உன் இரண்டு கடிதமும் கிடைத்தன. நான்கு தடவை எழுதிக் கிழித்து, இதை ஐந்தாவதாக எழுதுகிறேன்.

பந்து உள்ளே விழுந்தது.

அது விழுவதற்கு முன்பே என் வாயில் 'அவுட்' வந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். தடம் கோட்டின் மேல் ஏறியிருந்தது, சுண்ணாம்பு சிதறியிருந்தது. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று அப்போதும் மாற்றியிருக்கலாம். ஒரு நொடி இருந்தது. நீ வலையைத் தாண்டி வரமாட்டாய் என்ற எண்ணம் அந்த நொடியில் வந்தது. எதிரில் வேறு யார் நின்றிருந்தாலும் மாற்றிச் சொல்லியிருப்பேன். உன்னிடம் மட்டும்தான் இதைச் செய்ய முடிந்தது. காலால் தேய்த்தது உனக்குப் பயந்து அல்ல. அதை நான் மறுபடி பார்க்கக் கூடாது என்று.

உள்ளே என்று சொல்லியிருந்தால் டியூஸ், மறுபடி சமநிலை, அவ்வளவுதான். அடுத்த இரண்டு பாயிண்டை நானே எடுத்திருக்கலாம். எடுத்திருப்பேனா என்பது எனக்கு எப்போதும் தெரியப்போவதில்லை. அந்தப் பட்டத்தில் வேலை கிடைத்தது, அதில்தான் தம்பி படித்தான், வீடு நின்றது. நான் சாம்பியனா என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

என் அப்பாவும் வேலூருக்கு வந்திருந்தார். பஸ்ஸில் ஆரணி தாண்டியதும், "தடத்த எதுக்குமா தேய்ச்ச?" என்று கேட்டார். "சும்மாதாம்பா" என்றேன். "கோடு போடறவன் பொண்ணு நீ" என்றார். பிறகு என் ஆட்டம் எதற்கும் அவர் வரவில்லை. பன்னிரண்டு வருடம், ஒருநாளும் திரும்பக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இப்போது சொல்ல ஆள் இல்லை.

பாஷா அப்பாவுக்கு இந்தக் கடிதத்தை அப்படியே படித்துக் காட்டு. அன்று என் ராக்கெட் பிடியில் இருந்தது அவர் மண்டியிலிருந்து கொண்டுவந்து சுற்றிக் கொடுத்த ஆட்டுத் தோல். உன் பிடிக்குச் சுற்றிவிட்டு, "போளூர் பொண்ணே, உன்னுதும் கொண்டா" என்று வாங்கிச் சுற்றினார். அதைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பொய் சொன்னேன்.

ஆனால் உன் கடிதத்தில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. நடுவர் கேட்டபோது வேண்டாம் என்று மட்டும் நீ சொல்லவில்லை. உன் அப்பா பக்கம் திரும்பி, "சும்மா இருங்கப்பா, வெளியதான் வுழுந்துது" என்றாய். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. நமக்குள் இருந்த பேச்சு, என் பக்கம் என் வாக்கு என்பது மட்டும்தான். நீயும் சேர்ந்து சொல்ல வேண்டும் என்று இல்லை. நீ ஏன் சொன்னாய்?

நான் சொன்னதற்காக அவர் தன் கண்ணைச் சந்தேகப்பட்டிருக்க மாட்டார், நான் எதிராளி. நீ சொன்னதால் சந்தேகப்படுகிறார். என் கடிதத்தை மட்டும் படித்தால் அவருக்குப் பாதிதான் போய்ச் சேரும்.

சங்கத்துக்கும் எழுதிவிடட்டுமா? நீ சொல்.

ஷோபனா


வாணியம்பாடி
8-1-2024

அன்புள்ள ஷோபனா,

பனி உன் இருமலுக்கு ஆகாது, காதை மூடிக்கொண்டு போ. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

உன் கடிதம் என்னிடம் மூன்று வாரம் பீரோவில் இருந்தது. நீ தாமதித்தபோது உன்மேல் எனக்கு வந்த கோபத்தை அந்த மூன்று வாரமும் நினைத்துக்கொண்டேன்.

போன வெள்ளிக்கிழமை காலை, நாஷ்டா முடிந்ததும் அப்பா எதிரில் உட்கார்ந்து படித்தேன். அசையாமல் கேட்டார். "இன்னொரு தபா படி" என்றார். படித்தேன். கடைசியில், "இப்ப உன்னுத சொல்லு" என்றார்.

சொன்னேன். பந்து உள்ளே என்று எனக்கும் தெரியும். நீ தேய்த்ததும் தெரியும். அப்பா கத்தியதும் கிளப் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். கைலி, தொப்பி, மண்டியிலிருந்து நேராக வந்த சட்டை. முன்வரிசையில் ஒருவர், "யாருய்யா அந்த பாய், டென்னிஸ் தெரியுமா அவருக்கு?" என்றார். சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு நின்றால் போதும், அப்பா உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. அதனால் வெளியே என்றேன். பாயிண்ட் போவது எனக்கு அப்போது பெரிதாகத் தெரியவில்லை.

அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்.

"சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்கப்பா."

"எனக்குக் கேக்கலம்மா. நான் பந்தத்தான் பாத்துனு இருந்தேன்."

எனக்கு அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் அவரே சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அந்தப் பொண்ணு உள்ளன்னு எழ்திட்சி, சரி. என் மனசு நோவக் கூடாதுன்னு எழ்திச்சோ இன்னாவோ. கேட்டு எழ்து. பாதி பந்து கோட்டு மேல, பாதி வெளிய. நான் அப்டித்தான் பாத்தேன். அது இன்னா பாத்துதுன்னு கேளு" என்றார்.

உன் பதிலுக்குத் தினமும் தபால்காரரை விசாரிக்கிறார்.

சங்கத்தைப் பற்றிக் கேட்டாய். அது உன் பக்கம் விழுந்தது. உன் பேச்சு.

ஷாஸியா


புதூர்நாடு
22-1-2024

மரியாதைக்குரிய பாஷா அப்பாவுக்கு,

போளூர் ஷோபனாவின் வணக்கம். உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறதா? பொங்கலுக்குக் கீழே வந்திருந்தேன். வாணியம்பாடி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கிளம்பும் முன் இறங்கிவிட்டேன். அதையும் மறைக்கவில்லை.

நீங்கள் கேட்டதை வார்த்தையில் எழுதினால், உங்களைச் சமாதானப்படுத்தச் சொன்னதாகத் தோன்றலாம். அதனால் எழுதவில்லை. இதனுடன் ஓர் அட்டை வைத்திருக்கிறேன். என் அப்பா போட்டு நான் பார்த்த பின்கோட்டின் அகலத்துக்கு இரண்டு கோடும், அன்று பதிந்த தடத்தின் அளவுக்கு ஒரு முட்டை வடிவமும் வரைந்து, பின்புறமிருந்து தையல் ஊசியால் நெருக்கமாகக் குத்தியிருக்கிறேன். முன்புறம் மேடு தட்டும். கட்டைவிரலால் தடவிப் பாருங்கள். அளவைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்தவள் நான்தான். அது என்னைவிட்டு அழியவில்லை.

நீங்கள் பாதி என்று சொன்னதை ஷாஸியா எழுதியிருந்தாள். அதைப் பார்த்து இதை வரையவில்லை. நான் கண்டதை வரைந்தேன்.

சங்கத்துக்கு எழுதிவிட்டேன். விழாவுக்கு வரவில்லை என்றும், ஏன் என்றும். இன்னும் பதில் வரவில்லை. என்ன வந்தாலும் சரி.

உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. கேட்கிறேன்.

ஷோபனா


வாணியம்பாடி
4-2-2024

அன்புள்ள ஷோபனா,

நீ நலமா? குணசீலன் நலமா? சங்கத்திலிருந்து ஏதாவது வந்ததா?

அட்டை வியாழக்கிழமை வந்தது. அப்பா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, மண்டியில் உட்காருவது போலச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அட்டையை மடியில் வைத்தார். முதலில் இரண்டு கோடும். பிறகு முட்டை வடிவம் முழுக்க ஒரு சுற்று. பிறகு இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கட்டைவிரலை வைத்து, முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே இருந்தார்.

"பாதி இல்ல," என்றார். "கால்தான். நான் கொஞ்சம் கூட்டிச் சொல்ட்டேன்."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் முகம் தெளிவாக இருந்தது.

"அந்தப் பொண்ணு எனக்காவ எழ்தல. எனக்காவ எழ்தியிருந்தா பாதின்னு குத்தியிருக்கும்," என்றார். "கால்வாசி தொட்டாலும் உள்ளதான்."

மறுபடி தடவினார். பிறகு, "ஆட்டம் இப்ப இன்னா நெலமை?" என்று கேட்டார்.

"டியூஸ்ப்பா."

தலையை ஆட்டினார். நேற்று பழைய வீட்டுப் பரணிலிருந்து என் ராக்கெட்டை இறக்கச் சொன்னார். பிடியில் சுற்றிய தோல் காய்ந்து வெடித்திருந்தது. காலையிலிருந்து அதை நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக உரித்துக்கொண்டிருக்கிறார். அஸீமிடம் மெல்லிசான ஆட்டுத் தோல் கேட்டார். அஸீம் நான்கு தோல் கொண்டுவந்தார். விரலால் பார்த்து மூன்றைத் தள்ளிவிட்டார். ஒதுக்கி வைத்த தோலிலிருந்து ஒரு பிடிக்குத்தான் வெட்டுவார் என்று நினைத்தேன். இரண்டு பிடிக்கு வெட்டி வைத்திருக்கிறார்.

உன் பிடியின் சுற்றளவு மறந்துவிட்டதாம். சனிக்கிழமை கீழே இறங்கும்போது ராக்கெட்டை எடுத்துக்கொண்டு வா. இந்தத் தடவை பஸ் கிளம்பும் வரை உட்கார்ந்திரு.

ஷாஸியா